கடலில் மூச்சை விடுவது

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 36. கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேன் ட்ரையத்லானுக்குப் பயிற்சி செய்து வருகிறேன். 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். தினமும் நாலு மணிக்கு எழுகிறேன். சாம்பியன் மனநிலை பற்றிய உரைகளைக் கேட்டுக்கொண்டே சைக்கிள் ஓட்டுகிறேன். ஜூலி மாஸ் தவழ்ந்தே எல்லைக்கோட்டைத் தொடும் வீடியோவைப் பார்க்காமல் தூங்குவதில்லை. ஆனால் சென்ற மாதம் சென்னை கோவளத்தில் முதன்முதலாகக் கடலில் இறங்கியபோது நூறு மீட்டருக்குள் பயம் பிடித்து, படகைப் பற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பிவிட்டேன். குளத்தில் இரண்டு கிலோமீட்டர் நிற்காமல் நீந்துபவன் நான். எனக்குச் சாம்பியனின் மனம் இல்லையா? அதை வளர்த்துக்கொள்வது எப்படி? என் தியாகத்தை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற வருத்தமும் உண்டு. எடை குறைந்த கார்பன் சைக்கிள் வாங்கலாமா என்றும் சொல்லுங்கள்.

ர., கோவை

*

அன்புள்ள ர.,

முதலில் அந்த உரைகளைக் காதிலிருந்து கழற்றுங்கள். அவிநாசி சாலையில் பின்னால் வரும் லாரியின் ஹார்னைவிட முக்கியமான உரையை இதுவரை யாரும் ஆற்றியதில்லை. போட்டியிலும் காதில் மாட்டிக் கேட்பதற்குத் தடை உண்டு.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் ஒரு நீட் பயிற்சி மையம். சுவரில் ஆளுயர எழுத்தில் 'தூக்கம் தோற்பவர்களுக்கு' என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அங்கே படிக்கும் என் அக்கா மகன் போன மாதம் வகுப்பிலேயே மயங்கி விழுந்தான். காலையில் சாப்பிடாமல் போயிருக்கிறான். அழைத்துவரப் போன அக்காவிடம் அங்கிருந்தவர் சொன்னது: "பையனுக்கு மனசுல உறுதி பத்தலைங்க." இட்லி பத்தவில்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்தது.

ஜூலி மாஸ் விஷயத்துக்கு வருவோம். 1982 பிப்ரவரி, ஹவாய்த் தீவின் கைலுவா-கோனா. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் மேல் ஒரு முழு மாரத்தான். பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்த 23 வயதுக் கல்லூரி மாணவி, முடிவுக்கு மிக அருகில் கால் மடங்கி விழுகிறார். எழுகிறார், மறுபடி விழுகிறார். கடைசியில் தவழ்ந்துபோய்க் கோட்டைத் தொடுகிறார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பானபோதுதான் உலகம் அயர்ன்மேன் என்ற பெயரையே கவனித்தது. எனக்கும் அதைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். சரி, அன்றைக்கு ஜெயித்தது யார்?

யோசியுங்கள். இத்தனை இரவுகள் பார்த்திருக்கிறீர்களே. ஜூலி விழுந்து கிடக்கும்போது அவரைத் தாண்டி ஓடி, 29 வினாடி முன்னால் முடித்தவர் கேத்லீன் மெக்கார்ட்னி. சாம்பியன் அவர்தான். அவரும் ஒரு மாணவி. அதே வெயில், அதே தூரம். அவருடைய கால்கள் கடைசிவரை அவரைத் தாங்கின. நீங்கள் கேட்பது சாம்பியனின் மனம், இரவில் போட்டுப் பார்ப்பது இரண்டாவதாக வந்தவரின் வீழ்ச்சி. ஜூலியைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் பிடிவாதத்துக்குக் கை கூப்பலாம். ஆனால் உடம்பு தீர்ந்துபோன ஒரு நிமிடத்தை லட்சியமாக வைத்துக்கொண்டு தினமும் நாலு மணிக்கு எழுகிறவர், ஒருநாள் அந்த நிமிடத்துக்குத்தான் போய்ச் சேருவார்.

1995இல் அதே கோனாவில் நடந்தது இன்னும் பொருத்தம். பௌலா நியூபி-ஃப்ரேசர். ஜிம்பாப்வேயில் பிறந்தவர், அதற்குள் ஏழு முறை அங்கே ஜெயித்திருந்தார். மன உறுதி இல்லாதவர் என்று அவரை யாராவது சொல்ல முடியுமா? சைக்கிளை விட்டு இறங்கும்போது பல நிமிட முன்னிலை. பின்னால் கேரன் ஸ்மையர்ஸ் நெருங்க நெருங்க, வழியில் தண்ணீரும் உணவும் கொடுக்கும் இடங்களில் நிற்காமல் ஓடினார். கோடு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உடம்பு நின்றுவிட்டது. ஸ்மையர்ஸ் தாண்டிப் போனார். பௌலா சாலையில் உட்கார்ந்தார், படுத்தார், நெடுநேரம் கழித்து எழுந்து நடந்து நான்காவதாக வந்தார். ஏழு பட்டங்கள் பெற்ற அதே மனம்தான் அங்கே இருந்தது. இல்லாமல் போனது தண்ணீரும் சர்க்கரையும். அடுத்த வருடம் திரும்பி வந்து எட்டாவது முறையாக ஜெயித்தார். அவர் திடீரென்று மனவலிமை பெற்றுவிட்டார் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

நெடுந்தூரப் போட்டிக்குத் தயாராகிறவர்களிடம் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து எடுக்கச் சொல்வார்கள். அதைச் சைக்கிளில் போகும்போதே விழுங்கி வாந்தி எடுக்காமல் இருக்க வயிற்றுக்கும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். உங்கள் நீண்ட கடிதத்தில் (பாதிக்கு மேல் வெட்டிவிட்டேன், மன்னிக்கவும்) வைராக்கியம் எத்தனையோ முறை வருகிறது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை.

இப்போது கோவளம். அங்கே உங்களுக்கு வந்ததைக் கோழைத்தனம் என்று நீங்கள் எழுதியிருந்த பகுதியைத்தான் முதலில் வெட்டினேன். குளத்தில் அடியில் நீலக் கோடு தெரியும், கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்கும். கடலில் அடி தெரியாது. அலை முகத்தில் அறையும். பக்கத்தில் நீந்துபவரின் கால் மூக்கில் படும். மனிதன் என்ன செய்வான்? மூச்சைப் பிடித்துக்கொள்வான். உள்ளே இழுப்பான், விடமாட்டான். கரியமில வாயு உள்ளே ஏறும். மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது பெரும்பாலும் அதுதான், காற்று இல்லாத குறை அல்ல. முட்டுகிறதே என்று இன்னும் இழுப்பான், இடமில்லாத நுரையீரலுக்குள். அப்புறம் படகுதான். இதில் உங்கள் குணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவுமில்லை, ர.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சென்னையில் ஒரு நீச்சல் குளத்தின் மாஸ்டர். நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்கப் போனேன். அவர் தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. கரையில் பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தில் விசில், கையில் டீ. எங்களை மார்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்து, முகத்தை உள்ளே விட்டு ஊதச் சொல்வார். ஊது, தலையைத் தூக்கு, ஊது. நாட்கணக்கில் அவ்வளவுதான். பக்கத்தில் எல்கேஜி பிள்ளைகள் அதையே செய்துகொண்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னோடு சேர்ந்த ஒரு வங்கி அதிகாரி, பணம் கட்டியது நீந்துவதற்கா கொப்பளிப்பதற்கா என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டார். மாஸ்டர் அசரவில்லை. "சார், தண்ணிக்குள்ள விடத் தெரிஞ்சவனுக்கு வெளிய தானா வரும். இழுக்கறதை யாரும் சொல்லித்தர வேணாம்" என்பார். ஒருநாள் ஆழமான பக்கம் போகச் சொன்னார். என் கால் தரையைத் தேடியது, கிடைக்கவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டது. கரையிலிருந்து "தைரியம்" என்றோ "முடியும்" என்றோ அவர் கத்தவில்லை. "ஊது" என்றார். ஊதினேன். குமிழிகள் காதோரம் சத்தம் போட்டுக்கொண்டு மேலே போயின, தலை தானாகத் திரும்பியது, காற்று இருந்தது. பயம் போய்விடவில்லை. ஆனால் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். தனியாகப் போகாதீர்கள், மிதவை கட்டிக்கொண்டு குழுவோடு போங்கள். ஆழம் குறைந்த இடத்தில் நின்று முதலில் முகத்தை நனைத்து ஊதுங்கள். நடுவில் திணறினால் மல்லாந்து படுங்கள்; போட்டியிலும் அதைத் தடுக்க மாட்டார்கள். பாதுகாப்புப் படகைப் பிடித்து இளைப்பாறலாம், அது உங்களை முன்னால் இழுத்துப் போகாதவரை. நெஞ்சு வலியோ தலைசுற்றலோ இருந்தால் அது வேறு விஷயம், மருத்துவரிடம் போங்கள்.

ஸ்ட்ராவா செயலியில் உங்கள் வேகத்தை மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக மெதுவாக ஓட வெட்கமாக இருக்கிறது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். ட்ரையத்லான் வீரர் மார்க் ஆலன் தன் உச்சகாலத்துக்கு முன்பு, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 155ஐத் தாண்டாமல் ஓட வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்குள் வந்தவர். ஆரம்பத்தில் அவருக்கே எரிச்சல் வரும் வேகம் அது. கோனாவில் ஆறு முறை தோற்று, 1989இல் போட்டியாளர் டேவ் ஸ்காட்டோடு எட்டு மணி நேரம் ஏறக்குறைய தோளோடு தோள் போய், கடைசி ஏற்றத்தில் பிரிந்து 58 வினாடியில் ஜெயித்தார். உங்களுடைய வெட்கத்துக்கு இதற்கு மேல் நான் இடம் தருவதாக இல்லை.

தியாகம் பற்றி. ஞாயிற்றுக்கிழமை காலை நாலரைக்கு நீங்கள் கிளம்பி, பதினோரு மணிக்கு வந்து படுத்துத் தூங்கும்வரை, இரண்டு பிள்ளைகளையும் உங்கள் அம்மாவின் மாத்திரைகளையும் பார்த்துக்கொள்வது உங்கள் மனைவி. இது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, போகிறபோக்கில். நீங்கள் செய்வது உங்களுக்குப் பிடித்த ஒன்றை, நல்ல பணம் செலவழித்து. செய்யுங்கள், நன்றாகவே செய்யுங்கள். அதைத் தியாகம் என்று உங்கள் மனைவியின் முகத்துக்கு நேராகச் சொல்லாதீர்கள். ஞாயிறு பயிற்சியில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் கோவாவில் எதுவும் குறைந்துவிடாது.

கார்பன் சைக்கிள் பற்றி எனக்குக் கருத்து இல்லை. பணம் இருந்தால் வாங்குங்கள். டியூப் மாற்றத் தெரியுமா என்பதுதான் என் கேள்வி. 2008இல் கோனாவில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த வீராங்கனை கிறிஸ்ஸி வெலிங்டனுக்கு டயர் பஞ்சர். டியூபை மாற்றிவிட்டுக் காற்றடிக்கப் போனால், டயருக்கென்றே கையில் கொண்டுபோகும் சின்ன கேஸ் சிலிண்டரிலிருந்த வாயு வீணாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். சாலையோரம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். போட்டியாளர்களில் ஒருவரான ரெபெக்கா கீட் தன்னிடமிருந்த சிலிண்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். கிறிஸ்ஸி காற்றடித்து, எல்லோரையும் துரத்திப் பிடித்து, அன்றைக்கு ஜெயித்தார்.

இரவு அந்த வீடியோவுக்குப் பதில் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார்கள். கோவாவுக்கு இரண்டு சிலிண்டர் கொண்டுபோங்கள். வழியில் யாராவது நின்று கேட்டால் ஒன்றைக் கொடுக்கலாம். எடை கூடும் என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.