தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் சொல்லும் 'செர்வுஸ்' எங்கிருந்து வந்தது? 'வணக்கம்' என்பதா, 'போய்வருகிறேன்' என்பதா?

இரண்டும்தான். பவேரியாவின் மியூனிக்கிலோ பக்கத்து ஆஸ்திரியாவின் வியன்னாவிலோ நண்பரைப் பார்த்ததும் 'செர்வுஸ்' என்பார்கள். காபி குடித்து முடித்துக் கிளம்பும்போதும் அதே 'செர்வுஸ்'.

மூலம் லத்தீன். அதில் 'செர்வுஸ்' என்றால் அடிமை, ஊழியன். 'உங்கள் ஊழியன் நான்' என்ற பணிவான வாசகம் தேய்ந்து ஒற்றைச் சொல்லாக நின்றுவிட்டது. வைணவர்கள் 'அடியேன்' என்பார்களே, ஏறக்குறைய அதே மனநிலை. இத்தாலியர் வணக்கமாகச் சொல்லும் 'சாவ்' (ciao) கூட அடிமை என்று பொருள்படும் வெனிஸ் வட்டாரச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், இன்று அந்தப் பணிவு துளியும் இல்லை. நீ, வா, போ என்று பேசுகிறவர்களிடம்தான் இது எடுபடும். புதிதாகச் சேர்ந்த அலுவலகத்தில் மேலாளரிடம் சொல்லாதீர்கள். அங்கே 'க்ரூஸ் கோட்' என்ற மரியாதையான வணக்கமே பத்திரமானது.

ஹங்கேரியிலும் இது வழங்குகிறது. அங்கே பலரைப் பார்த்துச் சொன்னால் பன்மை விகுதி சேர்த்து 'செர்வுஸ்தொக்' என்பார்கள். லத்தீன் சொல்லுக்கு ஹங்கேரிய வால்!

அப்புறம், வியன்னாக்காரர் 'நா செர்வுஸ்!' என்றால் அது வணக்கமே இல்லை. பில்லைப் பார்த்து அதிர்ந்துபோய் நாம் 'போச்சுடா!' என்கிறோமே, அது.