மலையில் திணறும் செயின் சோ: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கண்டியில் நன்றாக ஓடிய 50 சிசி செயின் சோவை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்ததும் புகை கக்குகிறது. மரத்தில் வைத்தால் இரைச்சல் இறங்கிப்போகிறது. கார்புரேட்டர் திருகாணியைத் திருகிப் பார்க்கலாமா?
– நானுஓயா வாசகர்

பதில்: திருகலாம், ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டி சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். மேலே காற்றின் அடர்த்தி குறைவு. கார்புரேட்டரோ கீழே விட்ட பெற்றோலைத்தான் இங்கும் விடுகிறது. அதை எரிக்கக் காற்றுப் பற்றாமல் புகை வருகிறது, பிளக் கறுத்து ஈரமாகிறது. எவ்வளவு சரிசெய்தாலும் கடல் மட்டத்தில் இருக்கும் பலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இந்த உயரத்தில் கிடைக்காது. அதைத் திருகாணியால் மீட்க முடியாது.

முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றுங்கள். பனிமூட்டத்தில் ஈரமான மரத்தூள் அதில் பசைபோல ஒட்டியிருக்கும். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். அடுத்து சைலன்சர். பல மெஷின்களில் அதன் வாயில் தீப்பொறி தடுக்கும் சின்னக் கம்பிவலை உண்டு. அது கரி பிடித்து அடைத்திருந்தாலும் இதே நோய்தான் காட்டும். பிளக் இடைவெளி பெரும்பாலான மெஷின்களுக்கு 0.5 மில்லிமீற்றர்.

கலவையையும் பாருங்கள். செயின் சோவுக்கென விற்கும் நல்ல டூ ஸ்ட்ரோக் ஓயில் என்றால் 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர், அதாவது 50:1. ஓயில் கூடினால் இஞ்சினுக்கு நல்லது என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறவர்கள் அதிகம். அதனால் சேர்வது கரிதான். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பாதிக் கேனில் இரவுக் குளிருக்கு உள்ளே நீர் வேர்த்து அடியில் தங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் திணறினால், செயினைக் கூராக்கி, இஞ்சினைச் சில நிமிடம் சூடாக்கிவிட்டு, H திருகாணியை (முழு வேகத்தில் பெற்றோல் அளவைத் தீர்மானிப்பது) வலப்பக்கமாக அரைக்கால் சுற்று மட்டும் திருப்புங்கள். முழு வேகத்தில் சில விநாடி விட்டுக் கேளுங்கள். வெறுமனே ஓடும்போது சத்தம் கொஞ்சம் கரகரக்க வேண்டும், மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு தெளிய வேண்டும். வெறும் ஓட்டத்திலேயே விசில் போலக் கிறீச்சிட்டால் அளவு மீறிவிட்டது, உடனே பின்னால் திருப்புங்கள்.

இதில்தான் மெஷின்கள் சாகின்றன. நுவரெலியாவுக்கு இறுக்கிய திருகாணியோடு மகியங்கனைக்கு வேலைக்கு இறங்கினால், அங்கே காற்றின் அடர்த்தி அதிகம், அதற்கு ஏற்ற பெற்றோல் போகாது. பெற்றோலோடுதான் ஓயிலும் வருகிறது என்பதால் சூடு ஏற ஏற உயவு குறையும். பிஸ்டனின் சைலன்சர் பக்கம் கோடு கோடாகக் கீறி, கடைசியில் பிடித்துவிடும். இறங்குமுன் எவ்வளவு இறுக்கினீர்களோ அவ்வளவு தளர்த்துங்கள். கணக்கு மறக்காமல் இருக்க மூடியின் உள்பக்கம் பெயின்டால் குறித்துவையுங்கள். கார்புரேட்டரைத் தானே சரிசெய்துகொள்ளும் மின்னணு மெஷின்களுக்கு இந்த வேலை இல்லை.

கேள்வி: செயினைக் கூராக்கியும் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகிறது. ஏன்?
– தலவாக்கலை வாசகர்

பதில்: வளையும் பக்கத்துப் பற்கள் நீளமாகவோ கூராகவோ இருக்கின்றன. கைப்பழக்கத்தில் ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் அராவிவிடுகிறோம். ஆகக் குட்டையான பல்லைத் தேடி, மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். .325 செயினுக்கு (செயினின் அங்குல அளவு) 4.8 மில்லிமீற்றர் வட்ட அரம், சின்ன மெஷின்களில் வரும் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மில்லிமீற்றர். கோணம் பொதுவாக 30 பாகை. பல்லுக்கு முன்னால் நிற்கும் மேடு, பல்லின் உச்சியைவிட சுமார் 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தால் போதும். அதிகம் தாழ்த்தினால் செயின் மரத்தைக் கவ்வி இழுக்கும், முனை பட்டால் முகத்தை நோக்கி உதைக்கும்.

பற்கள் சரியாக இருந்தும் வளைந்தால் பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டை, கழற்றி மேசைக் கண்ணாடிமேல் விளிம்பில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் செயின் ஓடும் விளிம்புத் தண்டவாளம் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருக்கிறது.

கேள்வி: லயத்துக் கூரைக்கு மேலே நீண்ட யூகலிப்டஸ் கொப்புகளைக் கயிற்றில் இறக்க வேண்டும். ஹாட்வெயாரில் விற்கும் நீலக் கயிறு போதுமா?
– பொகவந்தலாவை வாசகர்

பதில்: வேண்டாம். அது பொலிப்ரொப்பிலீன். உரசலில் உருகும், வெயிலில் நாள்பட்டால் தொட்டதும் தூள் உதிரும். பச்சை யூகலிப்டஸ் கன மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு தொன் எடை. 30 சென்ரிமீற்றர் விட்டத்தில் 3 மீற்றர் துண்டு 200 கிலோவைத் தாண்டும். தளர்ந்த கயிற்றில் அது ஒரு மீற்றர் விழுந்து நின்றால், கயிறு அந்த எடையின் பல மடங்கைத் தாங்க வேண்டும். முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் வலு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். இறக்கும் துண்டின் எடையைப்போல் குறைந்தது பத்து மடங்கு எடைக்கே அறும் பின்னல் பொலியெஸ்டர் கயிறு வாங்குங்கள், துண்டுகளையும் 1 மீற்றருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கப்பியை வெட்டும் இடத்துக்கு மேலே கட்டுங்கள். கீழே நிற்பவர் கயிற்றை அடிமரத்தில் மூன்று சுற்று சுற்றி, துண்டு விழும்போது கொஞ்சம் ஓடவிட்டு மெதுவாகப் பிடிக்க வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. ஏறுபவரின் கயிறு வேறு, இறக்கும் கயிறு வேறு. மேலே மெஷினை ஓட்டும்போது அவருக்கு இரண்டு கட்டு வேண்டும், அதில் ஒன்று உள்ளே கம்பிவடம் உள்ளதாக இருக்கட்டும். வேலை முடியும்வரை லயத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. பக்கத்தில் மின்கம்பி போனால் மின்சார சபை இணைப்பை நிறுத்திய பிறகே ஏறுங்கள்.

கேள்வி: செயினுக்குப் பழைய இஞ்சின் ஓயில் ஊற்றலாமா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: கூடாது. அதிலுள்ள உலோகத்தூள் பம்பையும் பாரையும் தின்னும், தோலுக்கும் கேடு. பார் ஓயில் கிடைக்காவிட்டால் புதிய இஞ்சின் ஓயில் மேல். ஓயில் வருகிறதா என்று பார்க்க, பார் முனையை வெட்டிய அடிமரத்தின் வெளிர்ப்பரப்புக்கு 20 சென்ரிமீற்றர் மேலே பிடித்து வேகம் கொடுங்கள். சில விநாடியில் ஓயில் கோடு விழாவிட்டால் பாரைக் கழற்றி, அடிப்பக்கத்துத் துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.