காலி நாற்காலியிடம் பேசச் சொன்னார்!

கேள்வி: அம்மா இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. தூக்கமே இல்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. தோழி சொன்னாள் என்று ‘ஹோலிஸ்டிக் சைக்கோதெரபிஸ்ட்’ என்று போர்டு போட்ட ஒருவரிடம் போனேன். முதல் நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறேன், எப்போது படுக்கிறேன், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றே கேட்டார். மூன்றாம் முறை ஒரு காலி நாற்காலியைக் காட்டி, “அம்மா உட்கார்ந்திருக்காங்கன்னு நினைச்சுப் பேசுங்க” என்கிறார்! அழுகையும் வந்தது, கூச்சமும் வந்தது. இது வைத்தியமா, கூத்தா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: இரண்டும்தான். இந்த நாற்காலி வித்தையைத் தொடங்கி வைத்த மொரேனோ என்ற மருத்துவர், 1920களில் வியன்னாவில் ஒத்திகையில்லாத நாடகங்கள் போட்டுக்கொண்டிருந்தவர், அந்த அனுபவத்திலிருந்துதான் நடிக்க வைத்தே மனதைத் திறக்கும் சிகிச்சைக்கு வந்தார். பிறகு ஃப்ரிட்ஸ் பேர்ல்ஸ் என்ற மனநல மருத்துவர் அதைத் தன் கெஸ்டால்ட் சிகிச்சையில் (இந்த நிமிஷம் மனதிலும் உடம்பிலும் என்ன நடக்கிறது என்று கவனிக்க வைக்கும் முறை) எடுத்துக்கொண்டு பிரபலமாக்கினார். விஷயம் எளிமையானது. “அம்மாவுக்கு என் மேல கோபம் இருந்திருக்கும்” என்று மூன்றாம் மனுஷரிடம் நூறு தடவை சொல்லலாம், ஒன்றும் ஆகாது. “உனக்கு என் மேல கோபமாம்மா?” என்று நேராகக் கேட்கும்போதுதான் தொண்டை அடைக்கிறது, உங்களுக்கு வந்த அழுகை அதுதான். கூச்சமாக இருந்தால் அவரிடமே சொல்லிவிடுங்கள், நாற்காலிக்குப் பதில் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வார்.

முதல் நாள் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடக்கும், ரத்தசோகையிலும் படபடக்கும், மாதவிலக்கு நிற்கும் காலத்தில் தூக்கம் போவதும் உண்டு. அதையெல்லாம் பார்க்காமல் எல்லாம் துக்கம்தான் என்று முடிவு கட்டுபவரை நம்பாதீர்கள். ரத்தப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுங்கள்.

ஆனால் ஒன்று, ‘ஹோலிஸ்டிக்’ என்பது படிப்பு இல்லை. உடம்பு, தூக்கம், குடும்பம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பேன் என்று ஒருவர் சொல்லிக்கொள்வது, அவ்வளவுதான். கையில் என்ன முறை இருக்கிறது என்று கேளுங்கள். ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய, எண்ணங்களை எழுதிச் சரிபார்க்கும் சிபிடி முறையா? ஜான் கபட்-ஜின் 1979-ல் அமெரிக்காவில் தொடங்கிய மூச்சையும் மனதையும் அந்தந்த நிமிஷத்தில் கவனிக்கப் பழக்கும் 8 வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியா? பதில் தெளிவாக வர வேண்டும். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்கும், தயங்காமல் கேளுங்கள். நடுவில் படிகக்கல், பெண்டுலம் என்று தனியாகக் காசு கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அதுவரை ராத்திரி படபடப்புக்கு: நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். ஐந்து நிமிஷம் போதும்.

கேள்வி: மனச்சோர்வுக்கு இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது கவுன்சலிங்கும் போகிறேன். “இனி மாத்திரை எதுக்கு, நிறுத்திடுங்க” என்கிறார் கவுன்சலர். நிறுத்தலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது சார். அதைச் சொல்ல வேண்டியவர் மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், சிலருக்குத் தலைக்குள் கரண்ட் ஷாக் அடிப்பதுபோல்கூட வரும். டாக்டரே நிறுத்தினாலும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார். கவுன்சலரை என்ன செய்வது என்கிறீர்களா? மாற்றுங்கள்.