ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் போய்விடுமா?

சமீபத்தில் என்ன படித்தீர்கள், அதனால் உங்கள் பழக்கங்களில் ஏதாவது மாற்றம் வந்ததா என்பது கேள்வி.

படித்தது வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரை. 1890-இல் வெளிவந்த அவருடைய உளவியல் நூல் இரண்டு தடித்த தொகுதிகள். முதல் தொகுதியின் நான்காவது அத்தியாயம் முழுக்கப் பழக்கத்தைப் பற்றியது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு சில வாரங்களாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாற்றம் வந்ததா என்றால், வந்தது. அவர் சொன்ன ஒரு விஷயத்தோடு ஒத்துப்போக முடியாமல் போனதில்தான் அது தொடங்கியது.

ஜேம்ஸ் கறாரான ஆள். புதுப் பழக்கம் தொடங்குவதென்றால் முழு மூச்சோடு தொடங்கு, முடிந்தால் நாலு பேர் அறிய வாக்குக் கொடு என்கிறார். சரி. அடுத்து வருவதுதான் கண்டிப்பு: பழக்கம் வேரூன்றும்வரை ஒரே ஒரு தடவைகூட விதிவிலக்கு கூடாது. கவனமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் நூல்கண்டு ஒருமுறை கைதவறி விழுந்தால் அவிழ்வது, மறுபடி பல சுற்று சுற்றினாலும் ஈடாகாது என்பது அவர் சொல்லும் உவமை. முப்பது வயதுக்குள் பெரும்பாலானவர்களின் குணம் இறுகிவிடுகிறது என்றும் எழுதுகிறார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று கேட்டே வளர்ந்த நமக்கு இதெல்லாம் உடனே மனதில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு உறுத்தியது. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் பயணம், ஒரு நாள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை. இவையெல்லாம் வராத வாழ்க்கை யாருக்கு இருக்கிறது? விதிவிலக்கே கூடாது என்று ஆரம்பித்தால், முதல் விதிவிலக்கு வந்ததுமே "அவ்வளவுதான், போச்சு" என்று கைவிடத்தான் தோன்றும்.

அப்புறம், இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று தேடினேன். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஓர் ஆய்வு 2010-இல் அச்சில் வந்திருக்கிறது. 96 பேர் கலந்துகொண்டார்கள். உணவு, தண்ணீர், உடற்பயிற்சி என்று ஏதாவது ஒன்றில் ஒரு செயலை ஒவ்வொருவரும் தாங்களே தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சூழலில், உதாரணமாக காலைச் சாப்பாடு முடிந்தவுடன், 12 வாரம் செய்து பார்த்தார்கள். அந்தச் செயல் எந்த அளவுக்கு யோசிக்காமலே நடக்கிறது என்று பதிவும் செய்துகொண்டே வந்தார்கள். பழக்கம் படிய ஒவ்வொருவருக்கும் ஆன நாள்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நின்றது 66 நாள். ஆனால் அதைவிட முக்கியம் அதன் வீச்சு: 18 நாளில் படிந்தவரும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தவரும் உண்டு. (ஆய்வே 84 நாள்தான், ஆகவே அந்த 254, கிடைத்த பதிவுகளின் போக்கை மேலும் நீட்டிக் கணித்தது.) எனக்குப் பெரிய ஆறுதல் தந்த முடிவு வேறொன்று. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. நூல்கண்டு அவிழ்வதில்லை.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எங்கும் சொல்கிறார்களே, அதன் மூலத்தைத் தேடிப் போனால் 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய ஒரு நூலில் போய் நிற்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்பது அவர் கவனித்தது. அந்தக் 'குறைந்தது' எங்கேயோ உதிர்ந்துவிட்டது. 22-ஆவது நாளும் கஷ்டமாக இருக்கிறதே, நமக்கு மன உறுதி இல்லையோ என்று எத்தனை பேர் தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நாள்களை எண்ணுவதை விட்டால் எதைப் பிடித்துக்கொள்வது? "தினமும்", "ஒரே சூழலில்" என்ற இரண்டில், இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது என்று நினைக்கிறேன். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்து வருகிறார்: "நிறையப் படிக்கப் போகிறேன்" என்ற தீர்மானத்தைவிட, "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று நேரத்தையும் இடத்தையும் கட்டிப்போட்ட திட்டம் நிறைவேற அதிக வாய்ப்பு இருக்கிறது. வாசிப்பில் இதை இப்படிச் செய்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்த கையோடு நாற்காலிக்குப் போவது. புத்தகம் மேசையில் இருக்காது, அலமாரியிலும் இருக்காது. உட்காரும் இடத்திலேயே கிடக்கும். அதைக் கையில் எடுக்காமல் உட்கார முடியாது. எடுத்தபின் பிரிக்காமல் இருப்பது அபூர்வம். போன் அந்த நேரத்தில் வேறு அறையில் சார்ஜில் இருக்கும். இத்தனை பக்கம் என்று கணக்கு வைப்பதில்லை. களைப்பாக இருந்தால் ஒரே பத்தியோடு மூடிவிடுவதும் உண்டு, அதுவும் அன்றைய வாசிப்புதான்.

மூடியபின் செய்யும் ஒரு வேலைதான் எனக்கு அதிகம் பலன் தந்தது. புத்தகத்தைப் பார்க்காமல், படித்ததில் நினைவில் நிற்பதை இரண்டு மூன்று வரி எழுதிவைப்பேன். இதற்கும் ஆதாரம் உண்டு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடத்தை மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் பாடத்தைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். மறுவாசிப்பு தரும் தெளிவு அந்த நேரத்துக்கு இனிப்பாக இருக்கும், ஆனால் நிற்காது. முதல் சில நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே வராமல் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தத் திணறலில்தான் விஷயம் படிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜேம்ஸை மறுத்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே அத்தியாயத்தில் ஒரு ரஷ்யச் சீமாட்டி வருகிறாள். உள்ளே நாடகத்தில் வரும் கற்பனை மனிதர்களுக்காகக் கண்ணீர் விடுகிறாள். வெளியே அவளுடைய வண்டிக்காரன் இருக்கையிலேயே குளிரில் விறைத்துச் செத்துக்கொண்டிருக்கிறான். நாவலும் நாடகமும் அளவு மீறினால் இப்படித்தான் ஆகும் என்று எச்சரித்துவிட்டு, அவரே பரிகாரமும் சொல்கிறார்: ஓர் உணர்ச்சி பொங்கினால் அதைச் சும்மா ஆறவிடாமல், எவ்வளவு சின்னதானாலும் ஏதாவது ஒரு செயலாக மாற்று. அத்தையிடம் அன்பாக இரண்டு வார்த்தை பேசுவதுகூடப் போதும் என்கிறார். இதில் அவரோடு எனக்குத் துளியும் கருத்து வேறுபாடு இல்லை. நல்ல பழக்கம் பற்றிய புத்தகங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். படித்து முடித்ததும் வரும் அந்த உற்சாகத்தையே மாற்றம் என்று நம்பிவிடுவது மிகச் சுலபம். அதனால் இப்போதெல்லாம் ஏதாவது மனதைத் தொட்டால், நான் எழுதிவைக்கும் வரிகளுக்குக் கீழே மறுநாள் செய்ய ஒரு காரியத்தையும் எழுதிக்கொள்கிறேன். பெரும்பாலும் யாருக்காவது ஒரு போன்.

ஜேம்ஸை நீங்களும் படிக்க விரும்பினால், பதிப்புரிமை முடிந்த நூல் என்பதால் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் பழைய நடை. நரம்புகள் பற்றிய முன்பகுதி இழுப்பதுபோல் இருந்தால் தாண்டிவிட்டு, அத்தியாயத்தின் பிற்பாதிக்கு நேராகப் போய்விடுங்கள். சீமாட்டி அங்கேதான் இருக்கிறாள்.