என் பேப்பர்களோட சைட்டேஷன் (மத்தவங்க மேற்கோள் காட்டின எண்ணிக்கை) கூகுள் ஸ்காலர்ல 900, ஸ்கோபஸ்ல 540, அப்ளிகேஷன்ல எதைப் போடறது?

பயப்படாதீங்க, நீங்க சொன்ன ரெண்டு எண்ணும் தப்பில்ல. ரெண்டுமே ஆய்வுக் கட்டுரை தேடற தளம்தான், ஆனா கூகுள் ஸ்காலர் தீசிஸ், ப்ரீப்ரின்ட் (ரிவ்யூக்கு முன்னாடியே வெளியிடற பேப்பர்)னு கண்ணுல பட்ட எல்லாத்துலேர்ந்தும் சைட்டேஷன் எண்ணும், ஸ்கோபஸ் பெரும்பாலும் தேர்ந்தெடுத்த ஜர்னல், புக், கான்ஃபரன்ஸ் பேப்பர்களைத்தான் பார்க்கும், அதான் உங்க லுகேமியா பேப்பர்களுக்கு இவ்ளோ வித்தியாசம். அப்ளிகேஷன்ல ஒரே தளத்து எண்ணைப் போட்டு, பார்த்த தேதியையும் எழுதிடுங்க.

அதுக்கு முன்னாடி ஸ்கோபஸ்ல உங்க பேரைத் தேடுங்க. நம்மாளுங்களுக்கு இனிஷியல் ஒரு பேப்பர்ல முன்னாடியும் இன்னொண்ணுல பின்னாடியும் வந்து ப்ரொஃபைல் ரெண்டா உடைஞ்சு கிடக்கும், மெர்ஜ் பண்ண ரிக்வஸ்ட் கொடுங்க, ஆர்கிட் ஐடியும் (ஆய்வாளர் ஒவ்வொருத்தருக்கும் தனியா கொடுக்கற அடையாள எண்) இணைங்க.

எச்-இண்டெக்ஸ் 11தானேன்னு வருத்தப்பட்டீங்களே, குறைஞ்சது 11 சைட்டேஷன் வாங்கின பேப்பர் உங்ககிட்ட 11 இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம், அது ஒரு பேப்பரோட கனத்தைச் சொல்லாதுங்க. அமெரிக்க மரபியல் ஆய்வாளர் ஜேனட் ரௌலி 1973ல நேச்சர்ல தனி ஆளா எழுதின சின்ன பேப்பர்தான் சிஎம்எல் ரத்தப் புற்றுல 9ம் 22ம் குரோமோசோம் துண்டுங்க இடம் மாறுதுன்னு காட்டுச்சு, அந்த வழியே போய்தான் 2001ல அந்தப் புற்றுக்கான இமாடினிப் மருந்து வந்துச்சு. எச்-இண்டெக்ஸ் கணக்குல அதுவும் வெறும் ஒரு பேப்பர்தான். உங்க முக்கியமான 3 பேப்பருக்கும் நீங்க என்ன செஞ்சீங்கன்னு ரெண்டு ரெண்டு வரி எழுதுங்க.