பதில்: துப்பாக்கி வெடிப்பு பாதி ஃபிரேமில்தான் தெரியுது

வணக்கம். உளவாளி குறும்படத்துக்கு பிளாங்க் (குண்டு இல்லாம மருந்து மட்டும் உள்ள தோட்டா) வச்சு சுட்டீங்க, பத்து வெடியில அஞ்சுல நெருப்பே இல்ல, வந்ததிலும் சிலது பட்டையா வெட்டுப்பட்டிருக்குன்னு கேட்டிருந்தீங்க. கேமரா கெட்டுப்போகல.

செகண்டுக்கு 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் (ஃபிரேம் நேரத்துல பாதி மட்டும் திறந்திருக்கும்)னா ஒவ்வொரு ஃபிரேமிலும் சென்சார் 1/48 செகண்ட் திறந்து, அதே நேரம் மூடியிருக்கும். வெடிப்பு சில மில்லி செகண்ட்தான். மூடியிருக்கிறப்ப வெடிச்சா போச்சு. பட்டை விழுறது ரோலிங் ஷட்டரால: சென்சார் மேலிருந்து கீழா வரிவரியா படிக்குது, நடுவுல வெடிச்சா சில வரிகளுக்கு மட்டும் வெளிச்சம். ஷட்டரை 360 டிகிரி ஆக்கினா, அதாவது ஃபிரேம் முழுக்க திறந்தே வச்சா, நெருப்பு தவறாது. ஆனா சண்டை முழுக்க கலங்கிடும், பட்டையும் போகாது.

ரீஷூட்ல பிளாங்கே வேண்டாம். 1984ல ஜான்-எரிக் ஹெக்ஸம்ங்கிற அமெரிக்க நடிகர் பிளாங்க் போட்ட துப்பாக்கியை விளையாட்டா நெத்திப்பொட்டுல வச்சு டிரிகரை அழுத்தித்தான் செத்தார். ஸ்லைடு (துப்பாக்கியோட மேல்பகுதி) பின்னால ஓடுற கேஸ் ஏர்சாஃப்ட் (வாயுவில இயங்குற பொம்மைத் துப்பாக்கி) எடுங்க, உங்க ஊர் சட்டத்தைப் பார்த்துட்டு. நெருப்பை எடிட்டிங்ல ஒரே ஃபிரேம் போடுங்க, ஸ்கிரீன் மோடுல (கருப்பு மறைஞ்சு வெளிச்சம் மட்டும் படத்துல சேரும்). மூணு ஃபிரேம் நின்னா பட்டாசு மாதிரி இருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் நெருப்போட வடிவத்தைத் திருப்பி, வேற மாதிரி தெரியுற மாதிரி போடுங்க.

பலர் கவனிக்காம விடுறது, வெடிக்கிறப்ப நடிகர் முகத்துல விழுற வெளிச்சம். ஃபிரேமுக்கு வெளியே, குழல் பக்கமா ஆரஞ்சு ஜெல் (கலர் பிளாஸ்டிக் தாள்) போட்ட எல்இடி வச்சு, டிரிகர் இழுக்கிறப்ப சுமார் 80 மில்லி செகண்ட் எரிய விடுங்க. அதைவிடக் குறைச்சா மறுபடி பட்டை மட்டுமே விழலாம்.