தனுஷ்கோடி ஸ்டேஷனுக்கு எந்த ரயிலில் போவது?

கேள்வி: எங்கள் தாத்தா போட் மெயில் ரயிலில் ஏறி, தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்குப் போய்வந்தவர். 74 வயதாகும் அம்மாவுக்கு அந்த ஸ்டேஷனை ஒருமுறை பார்த்துவிட ஆசை. முன்பதிவு ஆப்பில் ‘தனுஷ்கோடி’ வரவே இல்லை. சென்னையிலிருந்து எதில் ஏறி எங்கே இறங்க வேண்டும்? பாம்பன் பாலத்தை வெளிச்சத்தில் பார்க்க முடியுமா?

பதில்: ஆப்பில் வராது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலோடு தனுஷ்கோடிக்கு ரயில் நின்றுபோனது. இப்போது ராமேஸ்வரம்தான் கடைசி நிலையம், குறியீடு ஆர்.எம்.எம். மீதி 18 கி.மீ. சொச்சம் சாலைவழிதான். அந்தப் பாதையைத் திரும்பப் போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை நகரவில்லை, அதை நம்பிப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

எழும்பூரிலிருந்து சேது எக்ஸ்பிரஸ் சீக்கிரம் போய்ச் சேரும் என்று பலரும் அதில் இடம் பிடிக்கிறார்கள். அது பாம்பனைத் தாண்டும்போது விடிந்திருக்காது. உங்களுக்குத் தாத்தா போன போட் மெயிலேதான் சரி. சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு போனாலும், பாலத்துக்குப் பொழுது விடிந்தபின் வரும். திரும்பும்போது தாம்பரம் எக்ஸ்பிரஸைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கியபோது ராமேஸ்வரத்தில் மாலை 4 மணிக்குக் கிளம்பும்படி அதற்கு நேரம் வைத்தார்கள், அதனால் போகும்போதும் வரும்போதும் கடலை வெளிச்சத்தில் பார்க்கலாம். அட்டவணை மாறக்கூடும், ஆகவே பதிவு செய்யும் அன்று நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். அம்மாவுக்குக் கீழ் பெர்த் வேண்டுமானால் பொது ஒதுக்கீட்டை நம்பாமல், மூத்த குடிமக்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் பதியுங்கள். ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் கூடாது, அந்த இருவருக்கும் வயதுத் தகுதி வேண்டும். குடும்பமாக நாலு பேரை ஒரே டிக்கெட்டில் போட்டுவிட்டு, ‘அம்மாவுக்கு அப்பர் பெர்த் வந்துவிட்டது’ என்று வருந்துவது இங்கேதான் நடக்கிறது. உங்களுக்கு அந்த வயது ஆகவில்லை என்றால் அவருடைய டிக்கெட்டைத் தனியாக எடுங்கள்.

பாலத்தில் ஒரு விஷயம் மாறியிருக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் ரயில் 10 கி.மீ. வேகத்தில் ஊரும், கால் மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் 75 கி.மீ. வரை போக அனுமதி, கப்பலுக்காக மேலே தூக்கும் 72.5 மீட்டர் பகுதியில் மட்டும் 50. இரண்டு கி.மீ. பாலம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பாலத்துக்கு முன்னால் மண்டபம் வந்ததுமே ஜன்னலோரம் வந்துவிடுங்கள். ராமேஸ்வரம் போகும்போது இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. வாசற்படியில் நின்று படம் எடுக்க வேண்டாம், கடற்காற்று சட்டென்று வீசும்.

இந்தப் பாதையின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் அங்கே என்ன பார்க்கிறோம் என்பது புரியும். அன்றைக்குத் தனுஷ்கோடி போகும் மீட்டர்கேஜ்தான் முதன்மைப் பாதை. ராமேஸ்வரம் பாம்பன் சந்திப்பிலிருந்து பிரியும் கிளை. எழும்பூரில் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட் வாங்கலாம். தனுஷ்கோடித் துறைமேடை வரை ரயில் போகும்; அங்கே இர்வின், கோஷன் போன்ற நீராவிக் கப்பல்களில் ஏறி இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு ரயில் காத்திருக்கும். இலங்கைக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்களை முதலில் மண்டபம் முகாமில் நிறுத்தி, மருத்துவப் பரிசோதனை முடிந்த பிறகே அனுப்பினார்கள். தாத்தா அப்படிப் போனவரென்றால், மண்டபம் கேம்ப் நிலையப் பெயர்ப்பலகையை அம்மாவுக்குக் காட்டுங்கள்.

1964 புயலில் பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சரைத் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளில் யாரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் கர்டர்களும் சரிந்தன, ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சீராக்கினார்கள். தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடவில்லை, ஊரையே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. எதிர்க்கரையில் இலங்கை உள்நாட்டுப் போரில் அழிந்த தலைமன்னார் பாதை மட்டும் 2015-ல் உயிர்பெற்றது.

ஆகவே பிளாட்பாரமும் தண்டவாளமும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஸ்டேஷன் கட்டடத்தின் உடைந்த சுவர்கள், நீராவி எஞ்சினுக்கான தண்ணீர்த் தொட்டியின் மிச்சம், கொஞ்சம் தள்ளிப் பவளப்பாறைக் கற்களால் கட்டிய தேவாலயம், இவ்வளவுதான். ஆட்டோக்காரர்கள் பெரும்பாலும் தேவாலயத்தைக் காட்டிவிட்டு, சாலை முடியும் கடல்முனையான அரிச்சல்முனைக்கு விரட்டுவார்கள். ‘பழைய ரயில்வே ஸ்டேஷனில் அரை மணி நிற்கணும்’ என்று ஏறும்போதே சொல்லி, காத்திருப்புக்கும் சேர்த்து வாடகை பேசிவிடுங்கள். நகரப் பேருந்தும் உண்டு. ஆனால் இறங்கி வெயிலில் அடுத்த பேருந்துக்கு நிற்பது அம்மாவுக்கு ஒத்துவராது.

வந்த அன்றே அவசரப்பட வேண்டாம். ராமேஸ்வரத்தில் தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பத்துக்குள் திரும்பிவிடலாம். அதன்பிறகு மணல் காலைச் சுடும், ஒதுங்க நிழல் இல்லை. தண்ணீர் கையில் இருக்கட்டும், கழிப்பறைக்கு ராமேஸ்வரத்திலேயே போய்விட்டு வாருங்கள். மாலையில் போனால் இருட்டுமுன் வெளியேற்றிவிடுவார்கள். அரிச்சல்முனையில் நீரோட்டம் கடுமை, காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பவளத்துண்டு கிடந்தால் எடுக்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு சிக்கல். காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள், மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் ரயில்வே உதவி எண் 139-இல் கேளுங்கள். வழியில் நிறுத்திவிட்டால் பெட்டியிலேயே உட்கார்ந்து காத்திருக்காமல் முதலில் அறிவிப்பைக் கேளுங்கள். ரயில் அதற்குமேல் போகாது என்றால், சாலைப் பாலம் திறந்திருக்கும்வரை ராமேஸ்வரம் பேருந்து கிடைக்கும்.